துபாயா, சிங்கப்பூரா, மலேசியாவா: அம்மாவின் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்

நாகர்கோவில் பக்கம் பாஸ்போர்ட் இல்லாத வீடு குறைவு. எடுத்த பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கும் அம்மாக்கள் அதைவிட அதிகம். என் அம்மாவும் அந்தக் கணக்கில்தான். வயது 62, இதுவரை விமானம் ஏறியதில்லை. முதல் வெளிநாட்டுப் பயணமாக அவளை எங்கே அனுப்பலாம் என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. தம்பி துபாயில் இருக்கிறான், தங்கை சிங்கப்பூரில். மலேசியாவில் எங்களுக்கு யாருமில்லை. ஆனாலும் “விசாவே வேண்டாம், பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பலாம்” என்று பெரியம்மா மகன் அதற்குக் கொடி பிடிக்கிறான். மூன்று ஊருக்கும் திருவனந்தபுரத்திலிருந்தே விமானம் இருப்பதால் பயணத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசமெல்லாம் காகிதத்தில்தான்.

முதலில் மலேசியா. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் சுற்றுலாவாகப் போனால் 30 நாள் வரை விசா தேவையில்லை. சலுகையை 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்.டி.ஏ.சி. என்ற டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் வந்தால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

கேட்கச் சுலபம். ஆனால் விசா இல்லை என்றால் கேள்வியும் இல்லை என்று அர்த்தமில்லை. இங்கே யாரும் கேட்காத கேள்விகளை கோலாலம்பூரில் இறங்கியதும் கவுண்டரில் கேட்பார்கள். எங்கே தங்குகிறீர்கள், திரும்பிப் போக டிக்கெட் எங்கே, செலவுக்குப் பணம் எவ்வளவு? பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நாலு நண்பர்கள் சேர்ந்து போனால் இது ஒரு விஷயமே இல்லை. தமிழும் கொஞ்சம் மலையாளமும் மட்டும் தெரிந்த அம்மாவைத் தனியாக அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

துபாயில் கேள்வி அம்மாவிடம் வராது, தம்பியிடம் போகும். சாதாரண இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே இறங்கியபின் விசா கிடைக்காது. அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ வைத்திருப்பவர்களைப் போலச் சிலருக்கு மட்டும் அந்த வசதி உண்டு. மற்றவர்களுக்கு ஏஜென்சியோ விமான நிறுவனமோ 30 நாள் அல்லது 60 நாள் விசா எடுத்துத் தர வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவருடைய எமிரேட்ஸ் ஐடி (அந்த நாட்டு அடையாள அட்டை), வீட்டு வாடகை ஒப்பந்தம், நமது ரிட்டர்ன் டிக்கெட் எல்லாம் கேட்பார்கள். தம்பியோ நாலு பேரோடு அறையைப் பங்கு போட்டு இருக்கிறான், ஒப்பந்தம் இன்னொருவர் பெயரில். நாள் தவறித் தங்கினால் தினம் 50 திர்ஹம் அபராதம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சிக்கல், அம்மாவின் பெயர். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான், சர்நேம் கட்டம் காலி. நம்மூரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசிட் விசா கிடையாது என்று அறிவித்தது. சில நாளிலேயே, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அம்மாவிடம் விளக்கினேன். “எனக்க பேரு ஒண்ணுதானே மக்கா, அதுல என்ன குத்தம்?” என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. டிக்கெட் போடும் முன்பே பாஸ்போர்ட்டின் இரண்டு பக்கத்தையும் விமான நிறுவனத்துக்குக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

சிங்கப்பூருக்கு விசா கட்டாயம், அதனாலேயே எனக்கு அது பிடித்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலமோ, அங்கே இருக்கும் தங்கை மூலமோ விண்ணப்பிக்கலாம். கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. ஏஜென்ட் கூலி தனி. படிவம் 14ஏ என்ற விசா விண்ணப்பம், வெள்ளைப் பின்னணியில் மூன்று மாதத்துக்குள் எடுத்த போட்டோ, ஆறு மாதமாவது ஆயுள் பாக்கியுள்ள பாஸ்போர்ட். எல்லாம் நம் வீட்டு மேசையில் உட்கார்ந்து பதறாமல் செய்கிற வேலை. கேட்க வேண்டியதில் பெரும்பகுதியைக் கிளம்பும் முன்பே கேட்டு முடித்துவிடுகிறார்கள். விசா இருந்தாலும் உள்ளே விடுவதும் எத்தனை நாள் என்பதும் அங்குள்ள அதிகாரி முடிவுதான், அது சரி. ஆனாலும் கையில் விசாத் தாளும், வெளியே காத்திருக்கும் மகளின் போன் நம்பரும் இருப்பது பெரிய தைரியம். எஸ்.ஜி. வருகை அட்டை இங்கேயும் உண்டு, அதே மூன்று நாள் கணக்கு, அதே இலவசம். மசாலாப் பொடி கட்டும்போது கசகசாவை மட்டும் எடுத்துவிடுங்கள்; அங்கே போதைப்பொருள் சட்டத்தில் மாட்டும்.

மாலத்தீவும் பேச்சில் வந்தது. தலைநகர் மாலேயில் இறங்கியதும் விசா இலவசம், இமுகா என்ற இணையப் படிவத்தை மட்டும் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். ஆனால் வழிபாட்டுக்கான சிலைகளைக் கொண்டுபோகத் தடை. கைப்பைக்குள் குட்டிப் பிள்ளையார் இல்லாமல் பஸ்கூட ஏறாத அம்மாவிடம் அதற்குமேல் பேசவில்லை.

சித்தியும் கூட வருவதாகச் சொன்னபோது இன்னொன்று கிளம்பியது. சித்தி பத்தாவது தாண்டவில்லை, வயது 46, பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (சென்னை கடற்கரைச் சாலை இல்லை, குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை.) அந்த அனுமதி வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான், சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு வேண்டாம். 50 வயது தாண்டிய அம்மாவுக்கு அந்தப் பேச்சே இல்லை. ஆனால் அமீரகமும் மலேசியாவும் ஈ.சி.ஆர். நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன, சிங்கப்பூர் இல்லை. விசிட் விசாவில் ஆளைக் கூட்டிப்போய் வேலையில் விட்ட கதை நம் மாவட்டத்தில் நிறைய. அதனால் அந்த இரண்டு நாட்டுக்கும் போகிற ஈ.சி.ஆர். பெண்களைத் திருவனந்தபுரம் கவுண்டரிலேயே கூடுதலாக விசாரிக்கலாம். ரிட்டர்ன் டிக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, அம்மாவுக்கும் சித்திக்கும் சிங்கப்பூர் என்று முடிவாகிவிட்டது. பெரியம்மா மகன் மலேசியாவுக்குத் தனியாகப் போய்க்கொள்ளட்டும். அம்மாவுக்கு ஒரே வருத்தம்: சிங்கப்பூரில் 2020 கடைசியிலேயே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டார்கள், அனுமதி மின்னஞ்சலில் வருகிறது. பக்கத்து வீட்டில் காட்ட ஒன்றும் இருக்காதே என்கிறாள். அப்படியானால் ஒருநாள் ஜோகூர் பாலம் தாண்டி மலேசியாவுக்குக் கூட்டிப்போகிறேன், முத்திரை கிடைக்குதா பார்ப்போம் என்கிறாள் தங்கை. கூட்டிப் போகட்டும். எம்.டி.ஏ.சி. அதற்கும் வேண்டும். அதைவிட முக்கியம், சிங்கப்பூர் விசா பலமுறை நுழையக் கூடியதா என்று தாளில் பார்த்துவிட்டுப் பாலம் ஏற வேண்டும். ஒருமுறைக்கு மட்டும் என்றிருந்தால் திரும்பி வர விசா இருக்காது.