பழைய மடிக்கணினியில் லினக்ஸ் வைஃபை: டிரைவர் இருந்தது, ஃபர்ம்வேர்தான் இல்லை

கோர் 2 டுவோ காலத்து மடிக்கணினி ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவிப் பல ஆண்டுகளாக அன்றாடம் வேலை செய்துவருகிறேன். வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தியபின் எழுத்து வேலை, மின்னஞ்சல், வீட்டுக் கணக்கு எல்லாவற்றுக்கும் இது தாராளமாகப் போதுகிறது. என்னைப் பாடாய்ப்படுத்தியது வைஃபை ஒன்றுதான்.

நிறுவி முடித்ததும் கம்பி இணைப்பு மட்டுமே தெரியும். வைஃபை என்ற பேச்சே இருக்காது. கேட்டால் 'டிரைவர் இல்லை' என்பார்கள். ஆனால் வன்பொருள்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை ஓட்டிப் பார்த்தால் பிராட்காம் வைஃபை அட்டையை லினக்ஸின் மையமான கர்னல் அடையாளம் கண்டிருக்கிறது, 'பி43' டிரைவரும் பொறுப்பேற்றிருக்கிறது. உண்மைக் காரணம் 'டிமெசேஜ்' என்ற கர்னல் செய்திப் பதிவில் இருந்தது: யூகோட்15 என்ற ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை. டிரைவர் கர்னலுக்குள் ஓடுவது; ஃபர்ம்வேர் அட்டைக்குள்ளேயே இருக்கும் சிறிய செயலியில் ஓடுவது. அதை டிரைவர்தான் ஒவ்வொரு முறையும் அட்டைக்குள் ஏற்றியாக வேண்டும். இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதித் தேடல் மிச்சமாகும்.

பி43 டிரைவர் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. சிப் நிறுவனமான பிராட்காம் ஆவணம் எதுவும் தராத நிலையில், அதன் மூடிய டிரைவர் எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதியது அது. 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. ஃபர்ம்வேருக்குத்தான் மறுவிநியோக அனுமதி கிடைக்கவில்லை. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12, தனியுரிமை ஃபர்ம்வேர்களை நிறுவல் வட்டிலேயே சேர்த்துத் தந்தபோதும் இது மட்டும் வெளியே நின்றது அதனால்தான். 'ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' என்ற மென்பொருள் பொதி, நிறுவனத்தின் பழைய டிரைவரை இணையத்திலிருந்து இறக்கி, அதற்குள்ளிருந்து ஃபர்ம்வேரை வெட்டி எடுத்துக்கொள்கிறது. ஆக, இணையம் வருவதற்கே இணையம் வேண்டும். ஈதர்நெட் கம்பி கைவசம் இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து 'டெதரிங்' போடலாம். அதற்கான டிரைவர் கர்னலோடு வருகிறது. தனியாக எதுவும் நிறுவத் தேவையில்லை.

சிப் நிறுவனமே தந்த 'டபிள்யூஎல்' டிரைவரையும் நெடுநாள் வைத்திருந்தேன். தொலைவான அறையில் அதன் இணைப்பு பி43ஐ விடச் சற்று நிலையாக இருந்தது, மறுக்கமாட்டேன். ஆனால் அது கர்னலுக்கு வெளியே வாழ்வது. கர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் டிகேஎம்எஸ் என்ற கருவி அதைப் புதிதாகத் தொகுக்க வேண்டும். அதற்குத் தேவையான கர்னல் ஹெடர் கோப்புகள் இல்லையென்றாலோ, புதிய கர்னலின் உள்ளமைப்பு மாறிவிட்டாலோ தொகுப்பு முறிந்துவிடும். மறுதொடக்கம் செய்தால் வைஃபை இருக்காது. பி43 அப்படி ஒரு நாளும் கைவிட்டதில்லை. டெபியன் 10, 11, 12 என்று ஏறி வந்தபோதெல்லாம் தொட வேண்டிய தேவையே வரவில்லை. பழைய கணினிக்குக் கர்னலோடு சேர்ந்து வளரும் டிரைவரே நல்லது என்பது என் உறுதியான கருத்து. டபிள்யூஎல்லை விட்டு மாறுபவர்கள் பொதியை 'பர்ஜ்' செய்தே நீக்க வேண்டும். வெறுமனே நீக்கினால் பி43ஐத் தடைசெய்யும் அமைப்புக் கோப்பு அப்படியே தங்கிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் இணையவில்லையென்றால் வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் 'ஆர்எஃப்கில்' கட்டளையைப் பாருங்கள். அந்தக் கால மடிக்கணினிகள் பலவற்றில் ஓரத்தில் வைஃபை நகர்த்து பொத்தான் இருக்கும். அது அணைந்திருந்தால் எந்த மென்பொருளாலும் திறக்க முடியாது.

வேகம் குறித்துப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். 802.11ஜி அட்டைக்கு ஏட்டளவில் 54 எம்பிபிஎஸ். கைக்குக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை திறந்திருக்க வேண்டும், 5 கிகாஹெர்ட்ஸை இது பார்க்காது.

ஒருமுறை ஃபர்ம்வேர் கிடைத்ததும் 'லிப்/ஃபர்ம்வேர்' அடைவில் உள்ள பி43 கோப்புறையை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். அடுத்த நிறுவலில் அதே இடத்தில் ஒட்டிவிட்டு மறுதொடக்கம் செய்தால் போதும். இவ்வளவு மெனக்கெட விரும்பாதவர்கள் அதெரோஸ் ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கலாம். அதன் ஃபர்ம்வேரின் மூலநிரலே திறந்த உரிமத்தில் வெளியாகியிருக்கிறது. டெபியன் அதைத் தன் முதன்மைக் களஞ்சியத்திலேயே வைத்திருக்கிறது.