யாழ்ப்பாணத்து றோட்டில் ஸ்விஃப்ட்: குதிரைவலுவை விடுங்கள், ரயரைப் பாருங்கள்

சுசுகி ஸ்விஃப்ட் ஒன்றைப் பல வருடமாக யாழ்ப்பாணத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன். 2010க்குப் பிறகு வந்த ஜப்பான் மொடல், 1242 சிசி, 91 குதிரைவலு, சிவிடி என்கிற படியில்லாத ஓட்டோ கியர். வாங்க நினைக்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விதான்: லீற்றருக்கு எவ்வளவு ஓடும், வித்தால் என்ன விலை போகும். ரவுணுக்குள் 12, 13 கிலோமீற்றர். ஏ-9 வீதியில் ஏசி போட்டபடி 17க்குக் கிட்ட. விலையைப் பற்றிக் கதைக்காமல் விடுவதே நல்லது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனங்களின் விலைக்கு ஒரு நியாயமும் இல்லாமல் போய்விட்டது. 2025இல் திரும்பத் திறந்தார்கள், சரி, ஆனால் வரியைக் கேட்டால் இருக்கிற வாகனத்தையே துடைத்து வைத்து ஓடத்தான் தோன்றும்.

எனக்கு எழுத ஆசை வேறு விஷயத்தில்: வண்டி கைக்கு எப்படி இருக்கிறது என்பதில். "மலையுமில்லை, வளைவுமில்லை, உந்தத் தட்டை நிலத்தில ஹான்ட்லிங் என்னத்துக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்று வேக எல்லை இருக்கிற நாட்டில் தேவைப்படாதது குதிரைவலுதான். 91இல் பாதி கூட எனக்கு வேண்டிவந்ததில்லை. ஆனால் ஸ்டியறிங்கும் பிரேக்கும் ரயரும் ஒவ்வொரு நாளும் வேலை செய்கின்றன, அதுவும் 40இல்.

பலாலி வீதியில் பொழுதுபடும் நேரம் போய்ப் பாருங்கள். முன்னால் லைற் இல்லாத லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), அதை ஒட்டி ஒரு ஐயா சைக்கிளில், எதிரே மினிபஸ். அந்த நேரம் பார்த்து மதிலோரம் நின்ற மாடு இறங்கும். இடப்பக்கம் ஒரு வெட்டு, உடனே வலப்பக்கம் ஒரு வெட்டு. உயரமான, மெத்தென்ற வாகனம் என்றால் முதல் வெட்டில் ஒரு பக்கம் சாய்ந்து, அந்தச் சாய்வு நிமிர முன்னமே இரண்டாவது வெட்டு வந்து, உள்ளே இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். ஸ்விஃப்ட் 970 கிலோ அளவுதான், முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் 2430 மில்லிமீற்றர். பாரம் பக்கம் மாறுவது சட்டென்று நடந்து முடிந்துவிடும். மாட்டுக்கும் ஒன்றுமில்லை, ஐயாவும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஹான்ட்லிங் என்றால் இதுதான்.

இதற்கு விலையும் உண்டு. தட்டு தட்டென்று ஓடும். கோப்பாய்ப் பக்கம் வெட்டி மூடிய குழாய்ப் பள்ளங்களில் ஏறினால் பின்சீற்றில் இருக்கும் அம்மாவின் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியாது. டிக்கியும் சின்னன். வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தக்காரரை ஏற்றக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனால், இரண்டு பெரிய பெட்டியோடு கதை முடிந்தது. மூன்றாவது பெட்டி யாருடைய மடியில் என்பதுதான் அப்புறம் பேச்சு.

இப்போது ஊர்ப் பெடியளுக்குப் பந்தய மோகம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, தேநீர்க்கடையிலும் முடக்கு எப்படி எடுப்பது என்பதுதான் கதை. எனக்கும் பந்தயம் பார்க்கப் பிடிக்கும். ஆனால் வெளிப்பக்கத்தில் இருந்து உள்ளே வெட்டி மறுபடி வெளியே விரியும் அந்தப் பந்தயக் கோடு, எதிரே ஆள் வராத பாதைக்கு உரியது. வேலியும் மதிலும் மறைக்கும் ஒழுங்கை முடக்கில் அப்படி வெட்டினால் எதிரே வருகிற ஸ்கூட்டிக்கு மேல்தான். அங்கே இடப்பக்கமாக ஒதுங்கி, ஹோர்ன் அடித்து, ஊர்ந்து போவதுதான் சரி. வல்லைவெளி வந்ததும் மிதிப்பவர்கள் தியத்தலாவையை நினைக்க வேண்டும். ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் 2024 ஏப்ரலில் ஒரு கார் ஓடுபாதையை விட்டு விலகிப் பார்வையாளருக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அது பந்தயத்துக்கென்றே ஒதுக்கிய இடம்.

பந்தயத்தில் இருந்து எடுக்க வேண்டியது ரயர் மரியாதை. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஃபோர்முலா வன்னில் எடுத்த 5 புள்ளிகளும் ஒரே பந்தயத்தில் வந்தவை: 2005 அமெரிக்கப் போட்டி. இண்டியானாபொலிஸில் சரிவான கடைசி முடக்கில் மிஷெலின் ரயர்கள் தாங்காது என்று தெரிந்து 14 கார்கள் பந்தயம் தொடங்க முன்னமே உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள்தான் ஓடின, நரேன் நாலாவது. அந்தப் பருவத்தில் பந்தயத்துக்கு நடுவில் ரயர் மாற்றவும் விதி விடவில்லை. உலகத்தின் மிகச் சிறந்த என்ஜின்கள் கராச்சுக்குள் நின்றன.

நம் ஊரில் ரயரின் எதிரி ஓட்டம் இல்லை, வெயில். யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறை போய்வந்தால் கூட எழுபது கிலோமீற்றருக்குள்தான். ஆகவே ரயர் தேய முன்னமே கிழடாகிவிடும். "ரயர் தேயேல்லை அண்ணை, ஆனா வயசு போட்டுது" என்று மெக்கானிக் தம்பி நகத்தால் பக்கச் சுவரை அழுத்திக் காட்டினான். மயிரிழை போல வெடிப்புகள், பள்ளங்களின் அடியிலும். பக்கத்தில் நாலு இலக்கம் அச்சடித்திருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வாங்கும்போது விலைக்கு முன் அதைப் பாருங்கள். புதிது போட்ட பிறகு, மழை நாளில் ஸ்டியறிங் சொன்னதைக் கேட்கிற விதமே மாறியது. காற்றைக் காலையில், ரயர் சூடாக முன்னம் பார்க்க வேண்டும். அளவு ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும். சில இடங்களில் அதைப் பார்க்காமலே நிரப்பி அனுப்புவார்கள். இறுகிய ரயரோடு சோளகம் அடிக்கும் காலத்தில் ஆனையிறவு தாண்டினால் கார் பக்கக் காற்றில் அலைவது கைக்குத் தெரியும்.

பிரேக்கும் அப்படித்தான். 50இல் இருந்து 70க்கு ஏறினால் கூடுவது 20. பிரேக் பிடித்து நிற்கும் தூரமோ கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஃபோர்முலா வன்னில் 1994இல் இருந்து ஏபிஎஸ் (பிரேக்கில் சில்லு இறுகிப் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) தடை, அவர்கள் காலால் அளந்து மிதிக்கிறார்கள். நமக்கு ஏபிஎஸ் இருக்கிறது. கால் அதிர்ந்தாலும் எடுக்காமல் முழுதாக மிதித்து, திருப்ப வேண்டிய பக்கம் திருப்பலாம். இங்கே பலர் அதிர்ந்ததும் காலை எடுத்துவிடுகிறார்கள்.

நான் பார்த்ததில் மிக நல்ல ஓட்டக்காரர்கள் பழைய ஒஸ்ரின் ஏ-40 வைத்திருந்தவர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். சடாரென்று மிதித்தால் என்ஜின் இடிக்கும், நின்றுவிட்டால் மறுபடி பெற்றோலுக்கு எங்கே போவது? அதனால் தூரத்தையே பார்த்து, பிரேக்கையும் மிதியையும் தடவித் தடவி ஓடினார்கள். பவர் ஸ்டியறிங்கும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. இன்றைக்கும் அவர்களில் ஒருவர் ஓடும் காரில் ஏறினால் எனக்கு நித்திரை வந்துவிடும்.

பராமரிப்பு: பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் வந்ததும் அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடியுங்கள், உப்பு விடாது. வலிகாமத்துச் செம்மண் தூசுக்கு எயார் பில்டரைப் புத்தகத்தில் சொன்னதை விட முந்தி மாற்றுகிறேன். முன்சில்லைப் பிடித்திருக்கும் லோவர் ஆர்மின் றப்பர் புஷ் ஒருமுறை மாற்றியாயிற்று, குறுக்கு மதகுகளின் உபயம். சிவிடி ஒயிலில் மட்டும் கண்டதையும் ஊற்ற விடாதீர்கள். அடுத்தது பின் ஷொக் அப்சோபர் இரண்டும். ஜப்பானில் கழற்றிய பழையது பாதி விலைக்குக் கிடைக்கிறது, நான் புதிதுதான் போடப் போகிறேன். ரயரை மாற்றிவிட்டு மேலே பழைய ஷொக் வைப்பதில் அர்த்தமில்லை.