டிஸ்கை மாற்றி மாட்டச் சொன்னேன். அழித்துக் கொடுத்துவிட்டு 6,500-ம் வாங்கிக்கொண்டார்கள்

லேப்டாப் ரிப்பேருக்கு வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஆப்கள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றை நம்பி 6,500-ம் போச்சு, என் ஆய்வு வேலையும் போச்சு. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று நேற்று ராத்திரி மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். என்ன முடிந்தது, யாருக்கு முடிந்தது? இன்னும் கை நடுங்குகிறது. நடந்ததை எழுதிவிடுகிறேன். இப்படி டிஸ்க் மாற்றக் கொடுப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பழைய லேப்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது. உள்ளே இருந்த எஸ்எஸ்டிக்கு, அதாவது ஃபைல்கள் எல்லாம் இருக்கும் டிஸ்குக்கு, ஒன்றும் ஆகவில்லை. கையில் இன்னொரு லேப்டாப் இருந்தது. பழையதிலிருந்து எஸ்எஸ்டியைக் கழற்றி இதில் மாட்ட வேண்டும், வேலை அவ்வளவுதான்.

வந்த பையன் மேஜையில் ஒரு துணியை விரித்தான். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் அடுக்கினான். எஸ்எஸ்டியை எடுக்கும்போது அந்தத் தங்க நிறப் பின்களில் விரல் படாமல், இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கினான். அதைப் பார்த்ததும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. இருந்தாலும் என் எக்ஸ்டர்னல் டிஸ்கை அவன் கையில் கொடுத்து, "தம்பி, முதல்ல இதுல ஒரு காப்பி எடுத்துடுங்க, அப்புறம் மாட்டுங்க" என்றேன். வாங்கி மேஜையிலேயே வைத்துவிட்டான். "இதெல்லாம் எதுக்கு மேடம்? அப்படியே கழட்டி அதுல மாட்டினா எல்லாம் வந்துடும். தினமும் பண்றதுதானே." டிரைவர் சாஃப்ட்வேர் செட் பண்ண வேண்டும், ஒர்க்‌ஷாப்பில்தான் முடியும் என்று சொல்லி லேப்டாப்பையும் எஸ்எஸ்டியையும் எடுத்துக்கொண்டு போனான்.

'பேக்கப் எடுக்கலையா' என்று கேட்கப்போகிறவர்களுக்கு: எடுக்கச் சொல்லி டிஸ்கையே கையில் கொடுத்தேன். மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

திரும்பி வந்த லேப்டாப்பைத் திறந்தால் ரீசைக்கிள் பின்னைத் தவிர ஒன்றுமே இல்லை. யூசர் ஃபோல்டரில் 'அட்மின்' என்று யாரோ ஒருவர். என் பெயரே இல்லை. களத்தில் எடுத்த பேட்டிகளின் ஒலிப்பதிவு, அவற்றைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தது, எதுவும் இல்லை. அந்தப் பேட்டி கொடுத்தவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. மறுபடி போய்க் கேட்க முடியாது.

"டிஸ்க் கரப்ட் மேடம். விண்டோஸ் புதுசா போட்டதாலதான் இவ்வளவாவது ஓடுது. பயப்படாதீங்க, எங்க லேப்ல ரெக்கவரி பண்ற ஆள் இருக்கார், எல்லாத்தையும் எடுத்துடலாம்." மாற்றிய கூலி 1,500 ஆப்பில் கட்டியாச்சு. ரெக்கவரிக்கு முன்பணம் 5,000, அதை மட்டும் அவனுடைய நம்பருக்கு நேராக அனுப்ப வேண்டுமாம். உள்ளே இருப்பது என் உழைப்பு முழுக்க. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அனுப்பியிருப்பார்கள். அனுப்பினேன். மொத்தம் 6,500. சில நாள் கழித்து டிஸ்க் திரும்பி வந்தது. "முடியல மேடம். லேப் சார்ஜ் மட்டும் ரிட்டர்ன் ஆகாது."

டிஸ்க் கெட்டுப்போனதற்கு ஆதாரம் கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். நீலத் திரை. பெரிதாக்கிப் பார்த்தால், அது எரரே இல்லை! பிட்லாக்கர், அதாவது டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியின் திரை. 48 இலக்க ரெக்கவரி கீயைப் போடச் சொல்லிக் கேட்கிறது. அந்தக் கீ எங்கே கிடைக்கும் என்ற இணைய முகவரிகூட அதிலேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுத்தான் இருக்கும். அதைத் திறக்கும் விவரம் பழைய மதர்போர்டோடு சேர்ந்த டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கிறது. டிஸ்கை வேறு லேப்டாப்பில் மாட்டினால் சிப் வேறு, அதனால் கீயைக் கேட்கும். தினமும் இந்த வேலையைச் செய்கிறேன் என்கிறவனுக்கு இது தெரியாதா? என் கணக்கில் போய்ப் பார்த்தேன். கீ அங்கேயே இருக்கிறது, ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. ஒரு போன் பண்ணி, "மேடம், கீ கேக்குது" என்று சொல்லியிருந்தால் அங்கேயே படித்துக் காட்டியிருப்பேன்.

அவன் கேட்கவில்லை. என் ஃபைல்கள் இருந்த பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்த பகுதியை) அழித்துவிட்டு மேலே புதிதாக விண்டோஸ் போட்டிருக்கிறான். டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன்: டிஸ்கின் நிலை 'குட்'. சீரியல் நம்பரும் என்னுடையதுதான். கரப்ட் என்பது பச்சைப் பொய்.

இதைவிடக் கொதிப்பது அந்த 5,000. எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்தால் இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று விண்டோஸே டிஸ்குக்குச் சொல்லிவிடும், அதற்கு டிரிம் என்று பெயர். டிஸ்கும் அவற்றைத் துடைத்துவிடும். அதோடு பூட்டைத் திறக்கும் தகவலும் பார்ட்டிஷனோடு போய்விட்டது. இனி 48 இலக்கமும் கையில் இருந்தும் பயனில்லை. கிடைக்கவே கிடைக்காத ஒன்றைத் தேடித் தருகிறேன் என்று முன்பணம் வாங்கியிருக்கிறான்.

ஆப்பில் புகார் கொடுத்தால், முதலில் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்". அடுத்த ஆள், "டெக்னீஷியன் தனி ஒப்பந்ததாரர்". அவனைக் கேட்டால், "ஆப்ல கேளுங்க மேடம்". மறுபடி ஆப்பில், "டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல, விதிமுறையில் இருக்கிறது". 5,000? "ஆப்புக்கு வெளியே கொடுத்த பணம்." சரி, 1,500? அதற்கு அடுத்த சர்வீஸுக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்களாம். இவர்களை இன்னொரு முறை வீட்டுக்குள் விடுவேனா? நீலத் திரை போட்டோவை ஒவ்வொரு ஆளுக்கும் அனுப்பினேன். ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இது மட்டும். ரெக்கவரி கீயை இன்றைக்கே உங்கள் கணக்கில் பார்த்து எழுதி வையுங்கள். டிஸ்கை மாட்டுவதற்கு முன்பே ஒரு யுஎஸ்பி என்க்ளோஷரில் (டிஸ்கை வெளியிலிருந்து இணைக்கும் பெட்டியில்) போட்டு, கீயைக் கொடுத்துத் திறந்து, உங்கள் கண் முன்னாலேயே காப்பி எடுக்கச் சொல்லுங்கள். எஸ்எஸ்டியில் சாட்டா எம்.2-வும் என்விஎம்இ-யும் வேறு வேறு வகை, எல்லா லேப்டாப்பும் இரண்டையும் ஏற்காது, அதையும் கேளுங்கள். 'என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது' என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். தனி நம்பருக்கு ஒரு பைசா அனுப்பாதீர்கள்.

புகாரை மறுபடி திறந்திருக்கிறேன். 6,500-ம் முழுசாக வர வேண்டும், கூப்பன் வேண்டாம்.