பனச்சமூட்டில் செயின் தீட்டும் மேசிரி

கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் 19 வருடமாக மரம் ஏறிக் கிளை இறக்குகிறேன். பலா, அயனி, புளி, மா, வீட்டின் மேல் சாய்ந்த தென்னை என்று எல்லாம் பார்த்தாயிற்று. என் மெஷின் வாளின் செயினை இப்போது ஒரே ஒருவர் கையில்தான் கொடுக்கிறேன். பனச்சமூடு சந்தையைத் தாண்டி வெள்ளறடைக்குப் போகிற வழியில், தகரக் கூரை போட்ட ஒரு ஒற்றை அறைக் கடை. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. வாளில் செயின் சுற்றி ஓடும் நீள இரும்புப் பட்டையைப் பார் என்போம்; பழைய பார் நான்கைந்து கம்பியில் தொங்கும், அதுதான் அடையாளம். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தும் அந்தப் பக்கம் இருந்தும் ஆள் வருவார்கள். நாங்கள் எல்லோரும் அவரை மேசிரி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

அவரிடம் போய்ச் சேர்ந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தது நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. ரப்பரும் வாழையும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லை, வழி இல்லை. மெஷின் வைத்திருந்தவர்களுக்கு இரவு பகல் வேலை. இரண்டாம் நாளே என் செயின் மழுங்கிவிட்டது. கைக்கு எட்டிய ஒரு கடையில் கொடுத்தேன். அரைக்கும் கல்லில் வைத்துப் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்கள். பல்லின் நுனி நீலம் பூத்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று எனக்குத் தெரியாது.

மறுநாள் ஓட்டு வீட்டின் மேல் பாதி முறிந்து தொங்கிய ஓர் அயனிக் கொம்பு. சுமார் 35 அடி உயரம். வாள் மரத்தைப் பார்த்ததும் வெறி பிடித்த மாதிரி கடித்தது. நல்லா அறுக்குதே என்றுதான் நினைத்தேன். பாரின் மூக்கு நுனியின் மேல் பாதி, பின்னால் இருந்த சின்னக் கிளையில் தொட்டதும் மெஷின் என் முகத்துக்கு நேரே துள்ளியது. இடது கைப் பெருவிரல் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருந்ததாலும், முன்னால் இருக்கும் கைக்காப்பு என் மணிக்கட்டில் இடித்துச் செயின் பிரேக் விழுந்ததாலும் தப்பினேன். இடுப்புக் கயிற்றின் மேலுறை ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அரைமணி நேரம் மரத்திலேயே உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்க முடிந்தது.

கூட வேலை செய்த பாறசாலைக்காரர் ஒருவர்தான் மேசிரியிடம் கூட்டிக்கொண்டு போனார். மேசிரி செயினை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எடே மக்கா, இது தீட்டின பல்லு இல்ல, வேகவச்ச பல்லு" என்றார். கல்லில் வைத்து அழுத்தினால் சூட்டில் இரும்பின் பதம் போய்விடும், நீலம் பூத்த நுனி ஒரு மரத்துக்குக்கூடத் தாங்காது. அதைவிட மோசமான இன்னொன்றைக் காட்டினார். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்னத் திமில் இருக்கும். பல் ஒரு தடவைக்கு எவ்வளவு மரத்தைக் கடிக்கலாம் என்று அளந்து விடுவது அந்தத் திமில்தான். என் செயின் வகைக்கு அது பல்லின் உயரத்தைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்து இருந்தால் போதும். அதைக் கல்லால் இன்னும் கீழே இறக்கியிருந்தார்கள். அப்போது செயின் கண்மண் தெரியாமல் கடிக்கும், மூக்கு எங்கேயாவது தொட்டால் துள்ளலும் அதிகம். நான் நல்லா அறுக்குது என்று நினைத்தது அதைத்தான்.

அவர் எப்படித் தீட்டுகிறார் என்பதை அன்றிலிருந்து பலமுறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் கேள்வி எப்போதும், "என்ன மரம் அறுத்தா?" ரப்பர் என்றால் பாலும் தூளும் சேர்ந்து பாரின் பள்ளத்தில் பிசின் மாதிரி அடைந்திருக்கும். தென்னை என்றால் தடியின் வெளிப்பக்கம் இரும்பு, உள்ளே பஞ்சு, பல் சீக்கிரம் வட்டமாகிவிடும். வயசான ரப்பர் என்றால் பட்டைக்குள் கம்பி புதைந்திருக்குமா என்று பார்ப்பார். பால் வடிக்கச் சிரட்டை கட்டின கம்பியை மரம் வருடக்கணக்கில் விழுங்கி வைத்திருக்கும். ஒரு கம்பியில் பட்டால் நாலைந்து பல் நுனி போய்விடும். எல்லைக் கல் ஓரம் நிற்கும் மரங்களில் முள்கம்பியும் அப்படித்தான். அறுக்கும் முன்னால் பட்டையில் கையை வைத்துத் தடவிப் பார், கறுத்த கோடு தெரிந்தால் அரை அடி மேலே போ என்பது அவர் சொல்லிக் கொடுத்தது. நான் அதன்பிறகு இரண்டு செயின்தான் கம்பிக்குக் கொடுத்திருக்கிறேன்.

மெஷினைப் புளிய முட்டியில் பிடித்த வைஸில் மாட்டுவார். எல்லாப் பல்லையும் அளந்து, எது ரொம்பக் குட்டையோ அதைச் சுண்ணாம்புக் கட்டியால் குறிப்பார். மீதிப் பல் அத்தனையும் அதன் நீளத்துக்கு இறங்க வேண்டும். ஒரு பக்கத்துப் பல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்தால் வாள் வில் மாதிரி வளைந்து அறுக்கும். கிளையை நேராக முடிக்க முடியாது, பாரும் இறுகிக்கொள்ளும். பிறகு உருட்டு அரம். என் சின்ன மெஷினின் செயினுக்கு 4 மில்லி, தரையில் தடி துண்டு போடும் பெரிய மெஷினுக்கு 4.8 மில்லி. பல்லின் மேல் பதிந்திருக்கும் சாய்ந்த கோட்டுக்கு இணையாக அரத்தைப் பிடித்து, உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளுவார். திரும்ப இழுக்கும்போது அரம் பல்லில் படாது. ஒரு பல்லுக்கு மூன்று என்றால் எல்லாவற்றுக்கும் மூன்றுதான், எண்ணிக்கொண்டே போவார். நடுவில் போன் வந்தால் எடுக்க மாட்டார். ஒரு பக்கம் முடிந்ததும் மெஷினைத் திருப்பி மாட்டி மறுபக்கம். அந்தச் சாய்ந்த கோடு வரை பல் தேய்ந்துவிட்டால் தீட்ட மறுத்து, புதுசு வாங்கச் சொல்லிவிடுவார்.

கடைசியில் அளவுத் தகட்டை வைத்து, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் திமிலைத் தட்டை அரத்தால் ஒன்றிரண்டு இழுப்பு, முன் முனையை உருட்டிவிடுவார். அப்புறம் பாரைக் கழற்றி, உடைந்த ஹாக்சா பிளேடால் பள்ளத்தைச் சுரண்டி, எண்ணெய் வரும் சின்ன ஓட்டையைக் குத்தித் திறந்து, பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுவார். ஒரே பக்கம் தேயாமல் இருக்க இது. கிளம்பும் முன்னால் மெஷினை ஓட்டி, மூக்கை ஒரு பழைய பேப்பருக்கு நேரே பிடிப்பார். பேப்பரில் எண்ணெய்க் கோடு விழுந்தால்தான் மெஷின் நம் கைக்கு வரும்.

இதற்கு ஒரு செயினுக்கு 100 ரூபாய் வாங்குகிறார், பார் சுத்தம் உட்பட. புதுச் செயின் வாங்க ஆயிரத்துக்கு மேல் ஆகும். முன்னெல்லாம் நான் மூன்று மாதத்துக்கு ஒன்று மாற்றிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு செயின் ஏறக்குறைய ஒரு வருடம் வருகிறது. ஆனால் பணத்தைவிடப் பெரிய வித்தியாசம் வேலையில்தான் தெரிகிறது. பெரிய கிளையை இறக்கும்போது முதலில் அடியில் கொஞ்சம், பிறகு ஒரு சாண் தள்ளி மேலிருந்து, கடைசியில் மிஞ்சிய குட்டைத் துண்டைக் கிளை தடியோடு சேரும் இடத்தில் இருக்கும் வளையத்துக்கு வெளியே ஒட்டி அறுக்க வேண்டும். அந்த வளையத்தை வெட்டிவிட்டால் மரத்தால் புண்ணை மூட முடியாது, உள்ளே உளுக்கும். மழுங்கின செயினில் அந்தக் கடைசி வெட்டு நடக்காது. அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வாள் நழுவும், நழுவினால் வளையம் போச்சு, பட்டை கிழிஞ்சு போச்சு. கூர்மையான செயின் தானாக மரத்துக்குள் இறங்கும், கையில் சீவல் சீவலாக விழும். மாவு மாதிரித் தூள் பறந்தால் செயின் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போதே இறங்கிவிடுவேன்.

எண்ணெய் விஷயத்தில் அவரோடு நான் முதலில் சண்டை போட்டிருக்கிறேன். வண்டியில் இருந்து இறக்கின கழிவு ஆயிலைச் செயினுக்கு ஊற்றுவது நம் பக்கம் பழக்கம். எனக்கும் அதுதான். அவர் அந்த மெஷினைத் தொடவே மாட்டேன் என்றார். அதில் இரும்புத் தூள் கலந்திருக்கும், பம்பு அடைக்கும், பாரில் ஒட்டாமல் தெறித்து நம் கையிலும் கண்ணிலும் விழும் என்றார். பெட்ரோலுக்கு லிட்டருக்கு 20 மில்லி நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில், அளந்து ஊற்ற வேண்டும், கண் அளவு கூடாது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், வேலை இல்லாமல் மெஷினை மூலையில் வைத்தால் டாங்க்கை காலி பண்ணி, நிற்கும்வரை ஓட்டிவிட்டு வைக்கச் சொல்கிறார். போன ஆவணியில் அப்படிச் செய்யாத இரண்டு பேர் கார்பரேட்டர் மாற்றினார்கள், எனக்கு ஒரு இழுப்பில் ஸ்டார்ட் ஆனது.

குறையும் சொல்கிறேன். அவசரத்துக்கு இந்தக் கடை உதவாது. வைகாசியில், மழைக்கு முன்னால் எல்லோரும் வீட்டோரக் கிளையை வெட்டச் சொல்லும் நேரத்தில், காலையில் கொடுத்தால் மறுநாள்தான். ஆகவே இரண்டு செயின் இல்லாமல் அங்கே போகாதீர்கள், ஒன்று அங்கே இருக்கும்போது மற்றது மரத்தில் ஓடட்டும். விலை குறைந்த நகல் மெஷின்களுக்கு அவரிடம் உதிரி இல்லை, வாங்கி வைக்கவும் மாட்டார். பில் தர மாட்டார். தோட்டக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது கஷ்டம். ஞாயிறு கோயிலுக்குப் போய்விடுவார், கடை பூட்டு. கயிறு, பெல்ட், ஹெல்மெட் எதுவும் விற்பதில்லை. விற்றால் நன்றாக இருக்கும் என்று பலமுறை சொல்லிவிட்டேன், இந்தப் பக்கம் நல்ல ஏறு கயிறு கிடைப்பது இன்றும் பாடுதான்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போனால் இன்னொரு காரியம் நடக்கும். அன்று அவர் அவ்வளவாகத் தீட்ட மாட்டார். புதிதாக ஏறத் தொடங்கிய பையன்களை உட்கார வைத்து, அவரவர் செயினை அவரவர் கையாலேயே தீட்டச் சொல்வார். அரத்தை அழுத்தினால் கையைத் தட்டிவிடுவார். வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்தி வைக்கவும் அங்கேதான் சொல்லிக் கொடுத்தார். சூட்டில் நீண்ட செயினை அப்படியே இறுக்கி வைத்தால் ஆறும்போது சுருங்கி பாரையும் என்ஜின் தண்டையும் இழுத்துவிடும். இதற்குக் காசு வாங்குவதில்லை. என் அக்கா மகனை நான் அங்கே நாலு சனிக்கிழமை அனுப்பினேன். இப்போது காலையில் மரத்தடியில் உட்கார்ந்து அவனே என் செயினையும் சேர்த்துத் தீட்டுகிறான், ஒவ்வொரு பல்லுக்கும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே.