தம்பதியர் விருந்துக்கு எந்த விளையாட்டு? யாங்கூன் சபைகளுக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

மியான்மரின் யாங்கூனில் உள்ள நம் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் தம்பதியர் ஐக்கிய விருந்து என்று அறிவித்துவிட்டால் போதும், சமையலுக்கு ஒரு குழு கூடிவிடும். ஆட்டுக்கறியா கோழியா என்று வாரக்கணக்கில் விவாதம் நடக்கும். விளையாட்டை மட்டும் வாலிபர் சங்கத்தில் யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவிடுவார்கள். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் திருமணமாகாதவர். அவர் இணையத்தில் தேடினால் அமெரிக்கச் சபைகளுக்கென்று எழுதிய பட்டியல்தான் கிடைக்கும். அதை அப்படியே மேடையில் இறக்கினால் என்ன ஆகும் என்பது, முன்வரிசையில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களின் முகத்திலேயே தெரியும்.

அதற்காக விளையாட்டே வேண்டாம் என்கிற மூப்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஈசாக்கு ரெபெக்காளோடு விளையாடிக்கொண்டிருந்ததை அபிமெலேக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தான் என்று ஆதியாகமம் 26-ஆம் அதிகாரமே சொல்கிறது. கணவனும் மனைவியும் விளையாடுவதில் குற்றமில்லை. ஜன்னலில் ஊரே நிற்கும்போது எதை விளையாடுவது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

விருந்துத் திட்டத்தில் திரும்பத் திரும்ப வந்து நிற்பவை நான்கு: தம்பதி வினாடி வினா, உடலை அசைத்து ஆடும் பந்தயங்கள், வேதாகம ஜோடி தேடல், பாட்டுப் போட்டி. எதில் அரங்கம் அதிகமாகச் சிரித்தது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வது வழக்கம். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். ஆடி முடித்த இருவரும் வீட்டுக்குப் போகும் டாக்சியில் என்ன பேசிக்கொள்வார்கள்? அரங்கம் வயிறு குலுங்கச் சிரித்த விளையாட்டுகளில் பாதி, அந்த டாக்சியில் மௌனத்தையே மிச்சம் வைக்கும்.

வினாடி வினா: நல்ல சரக்கு, கூர்மையான கத்தி

இதன் மூலம், 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் புதுமணத் தம்பதிகளை வைத்துத் தொடங்கிய நிகழ்ச்சி. மனைவியை வெளியே அனுப்பிவிட்டுக் கணவனிடம் கேள்வி கேட்பார்கள்; பிறகு அவளை அழைத்து அதே கேள்வியைக் கேட்பார்கள். இரண்டு பதிலும் பொருந்தினால் மதிப்பெண். பொருள் எதுவும் வாங்க வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், பத்து நிமிடத்தில் அரங்கம் சூடாகிவிடும். இந்த மூன்றிலும் மற்ற எதுவும் இதற்கு ஈடில்லை.

ஆனால் நம்மிடம் இது மூன்று இடங்களில் இடறுகிறது. முதலாவது செருப்பு. முதுகோடு முதுகாக உட்கார்ந்து, “முதலில் மன்னிப்புக் கேட்பவர் யார்” என்றதும் கணவனின் செருப்பையோ மனைவியின் செருப்பையோ தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவது இப்போது பரவியிருக்கும் வடிவம். தமிழர்களுக்கே செருப்பைத் தூக்குவது என்றால் சண்டை என்றுதான் பொருள். பர்மிய வழக்கிலோ தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது; வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் நாட்டில் அதைத் தலைக்கு மேல் உயர்த்தினால், பர்மியரோ கரேன் இனத்தவரோ ஆன மருமகளும் சம்பந்தியும் நெளிவார்கள். செருப்புக்குப் பதில் இரண்டு நிற ஓலை விசிறி கொடுத்துவிடுங்கள். மின்வெட்டு வந்தால் விசிறிக்கொள்ளவும் ஆகும்.

இரண்டாவது, கணவன் பெயரைச் சொல்லாத அம்மாக்கள் நம் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். “உங்கள் வீட்டுக்காரர் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள்” என்று மைக்கை நீட்டுவது அவர்களுக்குச் சோதனை. அதை வேடிக்கையாக்கும் நடத்துநரை நான் இரண்டாம் முறை அழைக்க மாட்டேன்.

மூன்றாவதுதான் பெரியது: கேள்விகளின் தன்மை. “உங்கள் மாமியாரிடம் பிடிக்காதது எது”, “சம்பளத்தில் எவ்வளவு ஒளித்து வைக்கிறீர்கள்” போன்றவற்றுக்குச் சிரிப்பு நிச்சயம் வரும். மாமியாரும் அதே அரங்கில்தான் இருப்பார். விருந்துப் புதிர் வீட்டைக் குலைத்த கதை நியாயாதிபதிகள் 14-இல் இருக்கிறது. சிம்சோன் தன் கலியாண விருந்தில் முப்பது தோழர்களுக்கு விடுகதை போட்டான். முப்பது மெல்லிய வஸ்திரமும் முப்பது மாற்று உடையும் பந்தயம். பந்தயம் பெரிதானதால் அவர்கள் புது மணப்பெண்ணை மிரட்டினார்கள். அவள் விருந்து நாளெல்லாம் அழுது விடையைப் பிடுங்கினாள். கடைசியில் மனைவி வேறொருவனுக்குக் கொடுக்கப்பட்டாள். பரிசு பெரிதாக இருப்பதும், மனைவியின் வாயிலிருந்து ரகசியத்தை வரவழைப்பதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டுமா?

இந்த வகையைத் தேர்ந்தெடுப்பவர்கள் பதில்களை ஒரு வாரம் முன்பே சீட்டில் எழுதி வாங்கிவிடுவது நல்லது. புண்படுத்தும் பதில் இருந்தால் அந்தக் கேள்வியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். யாங்கூனுக்கே உரிய கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. டீக்கடையில் அவர் சொல்வது பால் தூக்கலாகவா, சாயம் தூக்கலாகவா? மொஹிங்காவில் (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) எலுமிச்சை பிழிவாரா? மாமனாரின் பர்மியப் பெயர் என்ன? பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு தமிழ்ப் பெயருமாக வாழ்கிறவர்கள் நம்மில் ஏராளம் என்பதால், அந்தக் கடைசிக் கேள்வியில் மருமகன்கள் திணறுவார்கள். யாருக்கும் கோபம் வராது.

பந்தயங்கள்

பலூனை இருவர் நடுவில் வைத்து உடைப்பது, மூன்று கால் ஓட்டம், செய்தித்தாளை மடித்துக்கொண்டே போய் அதன் மேல் நிற்பது. கடைசியாகச் சொன்னதில் தாள் உள்ளங்கை அளவாகும்போது கணவன் மனைவியைத் தூக்கியாக வேண்டும். புதுமணத் தம்பதிக்கு அது நாணம்; முட்டிவலிக்காரருக்கு மருத்துவச் செலவு. லோஞ்சி கட்டிய ஆண் இடுப்பு முடிச்சை நம்பி ஓடுவதும் அழகாக முடியாது. கர்ப்பிணிகளும் முதியவர்களும் தாமாகவே விலகிவிடுவதால், மேடையில் இளம் ஜோடிகள் மட்டும் மிஞ்சுவார்கள். இவற்றைச் சபைச் சுற்றுலாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே வேண்டாம்.

முதுகில் ஒட்டிய பெயர்

வேதாகம ஜோடி தேடலில், வருகிறவர் முதுகில் ஒரு பெயர்ச் சீட்டை ஒட்டிவிடுவார்கள். ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளைக் கேட்டுத் தன்னைக் கண்டுபிடித்து, பிறகு தன் ஜோடியைத் தேட வேண்டும். வந்தவர்கள் சுவரோரம் ஒதுங்காமல் கலந்து பேச இதற்கு இணையான விளையாட்டு இல்லை. முக்கியமான இன்னொரு லாபம், சொந்தத் துணையோடு வராதவரும் ஆடலாம். விதவைகள் இருக்கிறார்கள், மலேசியாவிலோ தாய்லாந்திலோ வேலை பார்க்கும் கணவனை விட்டுத் தனியாக வரும் பெண்கள் இருக்கிறார்கள். வினாடி வினா நடக்கும்போது இவர்கள் பரிமாறும் பக்கம் போய் ஒளிந்துகொள்வார்கள். ஜோடி தேடலில் ஓர் அம்மா அன்னாளாகி, எல்க்கானா சீட்டோடு அலையும் வாலிபனைச் சிரித்தபடி கண்டுபிடிக்கலாம்.

பெயர்களைத் தேர்வதில்தான் சுவை. ஆபிரகாம், சாராள் எல்லாருக்கும் தெரியும். கூடாரம் செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், முரடன் நாபாலும் புத்திசாலி அபிகாயிலும், யோசேப்பின் மனைவி ஆஸ்நாத்தும், மோசேயைப் பெற்ற அம்ராமும் யோகெபேத்தும் கொஞ்சம் யோசிக்க வைப்பார்கள். யாக்கோபை விட்டுவிடுங்கள், சீட்டு ஒட்டியவர் இரண்டு பெண்களுக்கு நடுவே நின்று விழிப்பார். கொடிய ராணி யேசபேலின் சீட்டை ஆயரம்மா முதுகில் ஒட்டும் துணிச்சலும் வேண்டாம்.

இந்த மண்ணின் ஜோடி ஒன்றையும் சேர்க்கலாம்: அமெரிக்க மிஷனரிகளான அதோனிராம் ஜட்சனும் ஆனும். 1812 பிப்ரவரியில் மணமுடித்து, அதே மாதம் கப்பலேறி, 1813 ஜூலையில் ரங்கூன் வந்து இறங்கியவர்கள். முதல் ஆங்கிலேய-பர்மியப் போரின்போது, அன்றைய பர்மியத் தலைநகர் ஆவாவில் ஜட்சன் சிறையிலிருந்தபோது, அவருடைய பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பின் கையெழுத்துப்படியைத் தலையணைக்குள் வைத்துக் காப்பாற்றியவர் ஆன். இதைப் பர்மிய நண்பர்கள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

குறையும் உண்டு. தமிழ் பேசத் தெரிந்து வாசிக்கத் தெரியாத தலைமுறை வளர்ந்துவிட்டது. சீட்டில் தமிழோடு பர்மிய எழுத்திலும் பெயரை எழுதாவிட்டால், மற்றவர் முதுகைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவர் விழிப்பார்.

பாட்டு: என் ஓட்டு இதற்கே

அந்தாக்ஷரி என்றதும் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆனால் தமிழில் அது சீக்கிரமே முட்டி நின்றுவிடும்: ‘தேவன்’ என்று முடிந்தால் ‘ன’வில் தொடங்கும் பாட்டுக்கு எங்கே போவது? எழுத்தை விட்டுவிட்டுச் சொல்லைக் கொடுப்பது மேல். மேய்ப்பன், கன்மலை, விளக்கு என்று நடத்துநர் ஒரு சொல்லைச் சொல்ல, அது வரும் கீர்த்தனையையோ ஞானப்பாட்டையோ மேசை மேசையாகப் பாட வேண்டும்.

அதைவிடவும் நமக்குப் பொருந்துவது மெட்டுப் போட்டி. மேற்கத்திய ஞானப்பாட்டுகளில் பலவற்றை ஒரே மெட்டில் தமிழிலும் பர்மியத்திலும் கரேனிலும் பாடுகிறோம். நடத்துநர் சொல் இல்லாமல் மெட்டை மட்டும் முனக, எந்த மொழியில் முதல் அடி வந்தாலும் மதிப்பெண் உண்டு. இங்கே வாசிப்புத் தேவையில்லை. தமிழ் தெரியாத மருமகள் தோற்கவும் மாட்டாள். பல நேரம் அவள்தான் தன் மேசையைக் காப்பாற்றுவாள். பழைய கீர்த்தனைகளைக் கரைத்துக் குடித்த எழுபது வயதுக்காரர் சொல் சுற்றில் முன்னே வருவார், மெட்டுச் சுற்றில் இளையவர்கள் வருவார்கள். மின்சாரம் போனாலும் குரல் போகாது. இசைத்தட்டையும் ஒலிபெருக்கியையும் நம்பிய நாற்காலி ஆட்டம் அந்த நொடியே நின்றுவிடும், ஜெனரேட்டர் இரைச்சலோடு அதை மீண்டும் தொடங்குவதும் பாடுதான். ஒரே குறை, ஒரு மேசையில் பாடகர் குழுவினர் நால்வர் சேர்ந்துவிட்டால் போட்டி முடிந்தது. அவர்களைப் பிரித்து உட்கார வைக்க, முதலில் ஜோடி தேடலை நடத்தி, அந்த ஜோடிகளைக் கொண்டே மேசைகளை நிரப்பலாம்.

இரவு நேரப் பயணம் பலருக்குத் தயக்கமாகிவிட்டதால் விருந்தை மதியத்தில் வைப்பதாக எடுத்துக்கொள்வோம். ஆட்கள் வரும்போதே சீட்டு ஒட்டி அரை மணி நேரம் ஜோடி தேடல். சாப்பாட்டுக்கு முன் நாற்பது நிமிடம் பாட்டு. சாப்பிட்ட பிறகு, முன்பே சம்மதம் சொன்ன மூன்று நான்கு தம்பதிகளை மட்டும் வைத்து விசிறி வினாடி வினா. ஜெயித்த மேசைக்கு ஆளுக்கொரு தேயிலைப் பொட்டலம் போதும். ஏப்ரல் வெயிலில் வைக்கிறீர்கள் என்றால் மூன்றாவதைக் கைவிட்டுவிட்டு ஐஸ் மோர் கொடுங்கள்.