ஒரே பொருளா, ஒத்த பொருளா?

பெரிய விசுவாச அறிக்கை சொல்லும் பூசையில் இயேசுவைப் பற்றி ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்ற வரி வரும். (‘பொருள்’ என்றால் இங்கே அர்த்தமல்ல, ஒருவருடைய உள்ளியல்பு.) வாய் பழகிப்போய்ச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த ‘ஒரே’ நிலைப்பதற்கு 325 முதல் 381 வரை ஐம்பத்தாறு ஆண்டுச் சண்டை நடந்தது.

சிக்கல் எல்லாத் தரப்புக்கும் ஒன்றுதான். கடவுள் ஒருவரே என்கிறோம், இயேசுவையும் வணங்குகிறோம். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

3ஆம் நூற்றாண்டில் ரோமில் சபெல்லியுஸ் சொன்ன விடை எளிது. ஒரே ஆள்தான், மூன்று விதமாகத் தோன்றுகிறார். ஒருமை பத்திரம். ஆனால் கெத்சமனித் தோட்டத்தில் இயேசு யாரிடம் மன்றாடினார்? சிலுவையில் மாண்டதும் தந்தையேவா? இதற்கு நேரான பதில் வரவில்லை.

ஆரியுஸ் நேர் எதிர்ப்பக்கம். (ஆரியருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை; தமிழில் இந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.) அலெக்சாந்திரியாவில் குரு. 318 வாக்கில் தன் ஆயர் (பிஷப்) அலெக்சாந்தரோடு மோதினார். பிறப்பு இல்லாதவர் தந்தை மட்டும். மகன் எவ்வளவு உயர்ந்தவரானாலும் படைக்கப்பட்டவர். ‘அவர் இல்லாதிருந்த ஒரு போது உண்டு’ என்பது அந்தத் தரப்பின் முழக்கம். ‘காலம்’ என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்தார்கள், ஏனென்றால் காலமே மகன் வழியாக உண்டானது என்பது அவர்கள் கொள்கை. மாலுமிகளும் மாவரைப்பவர்களும் வழிப்போக்கர்களும் பாட அவர் பாட்டுக் கட்டிக்கொடுத்ததாக அவர் பக்கத்து வரலாற்றாசிரியர் பிலொஸ்தோர்கியுஸே எழுதுகிறார்.

தர்க்கம் என்று பார்த்தால் ஆரியுஸுடையதுதான் சுத்தம் என்பது என் எண்ணம். ‘தந்தை என்னைவிடப் பெரியவர்’ என்ற யோவான் 14:28 கையில் இருக்கிறது. ஆண்டவர் தன்னைப் படைத்தார் என்று ஞானம் பேசும் நீதிமொழிகள் 8:22ம் துணைக்கு வருகிறது. அடி விழுவது வேறு இடத்தில். படைப்பை வணங்கலாமா? படைக்கப்பட்ட ஒருவர் நம்மைக் கடவுளோடு எப்படிச் சேர்க்க முடியும்? அலெக்சாந்தருக்குப் பின் ஆயரான அத்தனாசியுஸ் வாழ்நாள் முழுக்க இதையே கேட்டார். அதற்காக ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார்.

325இல் பேரரசர் கொன்ஸ்தாந்தீன் கூட்டிய ஆயர்களின் பேரவையான நிசேயா சங்கம் ‘ஹோமோஊசியோஸ்’, அதாவது ஒரே பொருளானவர், என்று எழுதியது. கடைசிவரை கையெழுத்துப் போடாத ஆயர்கள் இருவரும் லிபியாக்காரர்கள். போட்டவர்களிலும் பலருக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சொல் விவிலியத்தில் இல்லை; போதாக்குறைக்கு 268இல் அந்தியோக்கியாவில் கூடிய ஆயர்கள் அதைத் தள்ளியிருந்தார்கள். சபெல்லியுஸ் வாடையும் அடித்தது.

அதனால்தான் 358இல் அங்கிராவின் பசிலியுஸ் தரப்பு ‘ஹோமோயூசியோஸ்’, ஒத்த பொருளானவர், என்றது. கிரேக்கத்தில் ஓரெழுத்துதான் வித்தியாசம், அதற்கா இத்தனை ரகளை என்று கேலி செய்வார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்து ‘ஒரே முகம்’ என்கிறோம். சொல்ல வருவது ஒத்த முகம். கண்ணாடியில் தெரிவதுதான் ஒரே முகம், அங்கே ஆளும் ஒருவர்தான். ‘ஒரே’ என்றால் தந்தையும் மகனும் ஒரே ஆளாகிவிடுவார்களோ என்பது இவர்கள் பயம். ‘ஒத்த’ என்றால் இரண்டு கடவுளாகிவிடுமே என்பது நிசேயா தரப்பின் பயம். இரண்டும் வெற்றுப் பயமில்லை.

ஏத்தியுஸ், யூனோமியுஸ் போன்றவர்கள் ஆரியுஸையும் தாண்டி, மகன் தன்மையில் தந்தைக்கு ஒவ்வாதவரே என்றார்கள். நேர்மையான கட்சி, ஆனால் ஆதரவு குறைவு.

பேரரசர் இரண்டாம் கொன்ஸ்தான்சியுஸுக்குப் பிடித்தது இன்னொன்று. ‘பொருள்’ என்ற பேச்சே வேண்டாம், மறைநூல் சொல்கிறபடி ‘ஒத்தவர்’ என்று மட்டும் சொல்லுங்கள். 360இல் அது அதிகாரபூர்வமானது. எதில் ஒத்தவர், எவ்வளவு ஒத்தவர் என்று யாரும் கேட்கக்கூடாது. சமரசம் போலத் தெரிந்தாலும் இருந்தவற்றில் மோசமான தெரிவு இதுதான் என்பேன். கேள்வியைத் தீர்க்காமல் மூடி வைத்தது. உலகமே முனகி, தான் ஆரியுஸ் பக்கம் போய்விட்டதைக் கண்டு வியந்தது என்று பிறகு ஜெரோம் எழுதினார். ஆயர் உல்ஃபிலா வழியாகக் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தாருக்குப் போய்ச் சேர்ந்ததும் இதுவே. ஸ்பெயினில் 589 வரை தாக்குப்பிடித்தது.

முடிச்சை அவிழ்த்தவர்கள் இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவின் ஆயர்கள் மூவர்: செசரியாவின் பசிலியுஸ், அவர் தம்பி நீசாவின் கிரகோரியுஸ், நண்பர் நசியான்சுவின் கிரகோரியுஸ். நிசேயா ‘ஊசியா’, ‘ஹிப்போஸ்தாசிஸ்’ இரண்டையும் ஒரே அர்த்தத்தில் புழங்கியிருந்தது. இவர்கள் பிரித்தார்கள். ‘ஊசியா’ பொதுவான தன்மை, அது ஒன்று. ‘ஹிப்போஸ்தாசிஸ்’ இன்னார் என்று சுட்டுவது, அது மூன்று. ‘ஒத்த’ கட்சியின் பயம் இதில் தணிந்தது. புதுக் கேள்வியும் பிறந்தது: அப்போது மூன்று கடவுளா? இல்லை என்று விளக்க நீசாவின் கிரகோரியுஸ் தனியாக ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது.

அன்றைய கான்ஸ்டாண்டினோப்பிளை அவரே ஒரு பிரசங்கத்தில் படம்பிடிக்கிறார். ரொட்டி என்ன விலை என்று கேட்டால், தந்தை பெரியவர், மகன் தாழ்ந்தவர் என்கிறான் கடைக்காரன். குளிக்கத் தண்ணீர் தயாரா என்றால், மகன் இல்லாமையிலிருந்து உண்டானவர் என்று பதில் வருகிறது.

அந்த நகரத்தில்தான் 381இல் பேரரசர் தெயோதோசியுஸ் அடுத்த சங்கத்தைக் கூட்டினார். மகனுக்கு ‘ஒரே பொருள்’ உறுதியானது. தூய ஆவியாருக்கோ, அறிக்கையில் அந்தச் சொல்லைப் போடவில்லை. தந்தையோடும் மகனோடும் சேர்த்து வணங்கப்படுகிறவர் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆவியாருக்கும் அதே சொல்தான் என்று வெளிப்படையாகப் பேசிவந்த நசியான்சுவின் கிரகோரியுஸ், சங்கத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தவர், தன் ஆயர் பதவி பற்றிய தகராறில் பாதியிலேயே விலகி ஊர் திரும்பிவிட்டார்.