திம்பாங் கம்ப்யூட்டருக்கு யூஎஸ்பி வயரா, நெட்வொர்க் பெட்டியா?

நான் மலேசியாவுல பேராக், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை மில்லுல திம்பாங் ஆபிஸ்ல, அதாவது லோரிய எட போடுற எடத்துல வேல செய்யுறேன். பழ லோரி மேடைல ஏறி நின்னதும் இண்டிகேட்டர்ங்கிற எட காட்டுற மீட்டர் அந்த எடைய ஆர்எஸ்-232ங்கிற சீரியல் வயர் வழியா கம்ப்யூட்டருக்கு அனுப்பும். 1960ல வந்த ஸ்டாண்டர்டு அது, எங்க மேடைல இன்னிக்கும் அதான் ஓடுது, ஆனா இப்ப கடைல வாங்குற பிசி முக்காவாசில அந்த வயர் சொருகுற ஒம்பது பின் சாக்கெட்டே கெடையாது. அதுக்கு மூணு வழி இருக்கு: உள்ள மாட்டுற கார்டு, யூஎஸ்பி கன்வெர்ட்டர், நெட்வொர்க் பெட்டி.

உள்ள மாட்டுற சீரியல் கார்டு நல்ல சாமான்தான். ஆனா ஸ்லாட் இருக்குற டெஸ்க்டாப்பா இருக்கணும், லேப்டாப்ல போட முடியாது, அதனால அத விட்டுடுறேன்.

யூஎஸ்பி கன்வெர்ட்டர் நாலு வருசம் வச்சிருந்தோம். வெல கம்மி, சொருகுனா ஓடும். ஒரு சனிக்கெழம சாயந்தரம் மேசைய தொடைக்கும்போது வயர் கழண்டு, யாரோ பக்கத்து ஓட்டைல சொருகிட்டாங்க. விண்டோஸ் அத புதுசுன்னு நெனச்சு போர்ட் நம்பர காம் 3ல இருந்து காம் 7 ஆக்கிடுச்சு, சாப்ட்வேர் பழைய நம்பரையே தேடிக்கிட்டு இருக்கு, ஸ்க்ரீன்ல வெறும் சைபர். வெளிய கேட் வரைக்கும் லோரி. ஒரு டிரைவர் அண்ணன் ஜன்னல்கிட்ட வந்து, "தம்பி, பழம் நேத்து வெட்டுனதுப்பா"ன்னாரு. வெட்டுன பழம் 24 மணி நேரத்துக்குள்ள வேகணும், தள்ளிப்போனா எண்ணெய்ல ஆசிட் ஏறும், அவரு சொல்லுறதுல என்ன தப்பு? ராத்திரி வரைக்கும் டிக்கெட்ட கையால எழுதுனோம். ஈப்போவுல இருந்து ரிப்பேர் ஆளு வந்தது திங்கக்கெழம.

அதுக்கப்புறம்தான் மோக்சா என்போர்ட் 5110ங்கிற நெட்வொர்க் பெட்டி வாங்குனோம், தைவான் கம்பெனி. வெல யூஎஸ்பி வயர விட பல மடங்கு, அத மறைக்கல. இண்டிகேட்டர் வயர் ஒரு பக்கம், லேன் (நெட்வொர்க்) வயர் இன்னொரு பக்கம், பிசில டிரைவர் போட்டா காம் 3ன்னு ஒரு போர்ட் வந்து நிக்கும், சாப்ட்வேர்ல ஒண்ணும் மாத்த வேணாம். நான் இதுக்கு சாயுறதுக்கு ஒரே காரணம், எட வர்ற வழி பிசிய நம்பி இல்ல. போன நவம்பர்ல பிசி பவர் சப்ளை போயிடுச்சு. ஏற்கனவே திம்பாங் சாப்ட்வேர் இருந்த கிராணி (கிளார்க்) லேப்டாப்ல டிரைவர போட்டு, பெட்டியோட ஐபிய (நெட்வொர்க் அட்ரஸ்) காட்டி, காம் 3ன்னு மேப் பண்ணி, 20 நிமிசத்துல அடுத்த லோரிய ஏத்திட்டோம். ஈப்போவுக்கு போன் போடவே இல்ல. தூரமும் ஒரு வசதி, ஆர்எஸ்-232க்கு 15 மீட்டர்தான் கணக்கு, லேன் வயர் 100 மீட்டர் வரைக்கும் போகும்.

மொத தடவ செட் பண்ணுறப்ப கொஞ்சம் தடுமாறும். பெட்டி 192.168.127.254ங்கிற ஐபியோட வருது, அத நம்ம நெட்வொர்க்குக்கு மாத்தி, பாஸ்வேர்டும் போட்டுடுங்க. இன்டர்நெட் பக்கம் தெறந்து விடவே கூடாது. 2015 டிசம்பர்ல உக்ரைன் கரண்ட் சப்ளைய தாக்குனவங்க சப்ஸ்டேஷன்ல இருந்த இந்த மாதிரி பெட்டிங்களோட ஃபர்ம்வேரத்தான் (பெட்டிய ஓட்டுற உள் சாப்ட்வேர்) அழிச்சாங்க.

இடி விசயத்துல மட்டும் நான் அடிச்சு சொல்ல மாட்டேன். லேன் பக்கம் 1.5 கிலோவோல்ட் ஐசொலேஷன் (கரண்ட் தாவாம தடுக்குறது) இருக்கு, இண்டிகேட்டர் பக்கம் இந்த மாடல்ல இல்ல, நாங்க ஓட்டுனதும் ஒன்றர வருசந்தான்.

பழைய யூஎஸ்பி வயர தூக்கிப் போடல. நெட்வொர்க் ஸ்விட்ச் போயிட்டா அதான் கை கொடுக்கும், எந்த ஓட்டைல சொருகணும்னு பிசில மஞ்ச டேப் ஒட்டி எழுதி வச்சிருக்கேன்.